அக்கினித் தலத்தில் ஒரு பனிச் செடி

பஞ்சபூதத் தலங்களில் எங்கள் ஊருக்கு வாய்த்தது நெருப்பு. காஞ்சிக்கு மண், திருவானைக்காவுக்கு நீர், காளத்திக்குக் காற்று, சிதம்பரத்துக்கு ஆகாயம். மிச்சமிருந்த அக்கினி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது. இது வெறும் புராணக் கதை என்று எண்ணுகிறவர்கள், சித்திரை மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் கிரிவலப் பாதையில் செருப்பில்லாமல் பத்தடி நடந்து பார்க்கலாம். உடனே நம்பிக்கை பிறந்துவிடும்!

இப்பேர்ப்பட்ட ஊரில், மூடுபனியைக் குடித்து, சாரலில் குளித்து வளர்கிற ஒரு செடியைக் கொண்டுவந்து நட்டால் அது பிழைக்குமா? "பிழைக்காது" என்று எங்கள் தெருவே ஒருமுகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. பால்காரர் சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் சொன்னாள். செடி விற்பதையே பிழைப்பாகக் கொண்ட நாற்றுப்பண்ணைக்காரர்கூட, "அம்மா, உங்களுக்கு வேறு ஏதாவது நல்ல செடியாகத் தருகிறேன், இதை மறந்துவிடுங்கள்" என்றார்.

மறப்பது சுலபமாக இல்லை. ஏனென்றால் அந்தச் செடியோடு அதே காரில், அதே நாளில், இன்னொருவரும் குன்னூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் என் மாமியார்.

என் மாமனார் குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்க மனமில்லாமல் அங்கேயே ஒரு சிறிய வாடகை வீட்டில் குடியிருந்தார். அவர் காலமான பிறகு, அறுபத்தாறு வயது அத்தையைத் தனியாக அங்கே விட்டுவைக்க என் கணவருக்கு மனம் வரவில்லை. அத்தை மறுப்புச் சொல்லவில்லை. 47 வருஷக் குடித்தனத்தை நாலு பெட்டிகளில் அடக்கினார். வீட்டுச் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்தார். தொட்டியோடு ஒரு மரப் பெரணியைக் காரின் பின் ஆசனத்தில் தம் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். அவ்வளவுதான். திரும்பிப் போவதற்கு இனி அங்கே ஒரு வீடு கிடையாது.

பெரணி என்றால் உங்களுக்குத் தெரியாமல் இராது. பள்ளிக்கூடப் பாடப் புஸ்தகத்தில், பூக்காத செடிகள் என்ற பகுதியில் படித்திருப்பீர்கள். பூ கிடையாது, காய் கிடையாது, விதையும் கிடையாது. இலையின் அடிப்புறத்தில் மிளகுப் பொடியைத் தூவினாற்போலப் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். அவற்றிலிருந்து உதிரும் வித்துத்தூள்தான் அதன் சந்ததி. உலகத்தில் பூ என்ற ஒன்று தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே பெரணிகள் இருந்தன. அந்தப் பெரிய குடும்பத்தில் மரமாக நிமிர்ந்து நிற்கிற கிளைதான் மரப் பெரணி. அடிமரம் கன்னங்கரேலென்று இருக்கும். உச்சியில் பச்சைக் குடை விரித்தாற்போல் இலைகள் நாலாபுறமும் வளைந்து இறங்கும். புது இலை வரும்போது வயலின் தலைபோலச் சுருண்டு, பழுப்பு ரோமம் போர்த்து, குழந்தையின் மூடிய கை மாதிரி எழும்பும். குன்னூர் ஸிம்ஸ் பூங்காவுக்குப் போயிருப்பவர்கள் பார்த்திருக்கலாம். 1874-ல் அமைந்த அந்தப் பூங்காவின் பள்ளத்தில் மரப் பெரணிகள் செழித்து நிற்கின்றன. கிரிக்கெட் பார்க்கும் சகோதரிகளுக்கு இன்னும் சுலபமாகச் சொல்கிறேன்: நியூஸிலாந்து ஆட்டக்காரர்கள் மார்பில் சூடியிருக்கும் வெள்ளி இலை, ஒரு மரப் பெரணியின் இலைதான்.

நீலகிரிச் சோலைக் காடுகளில், ஓடைக்கரைகளில், நம் நாட்டுக்கே உரிய மரப் பெரணிகள் உண்டு. அவற்றை யாரும் பெயர்த்து எடுத்து வரக்கூடாது. உலக நாடுகள் கூடி, அழிந்துபோகும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் வைத்திருக்கும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இந்தக் குடும்பமும் இடம் பெற்றிருக்கிறது. அத்தை கொண்டுவந்தது காட்டுச் செடியல்ல. பண்ணையில் வளர்த்து விற்ற ஆஸ்திரேலிய ஜாதி. குவீன்ஸ்லாந்து, நியூ சௌத் வேல்ஸ் பகுதிகள் அதன் தாய்வீடு. நாங்கள் குன்னூர்க்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தவள் உண்மையில் ஆஸ்திரேலியாக்காரி! சமுத்திரம் தாண்டி மலை ஏறியவள், இப்போது மலை இறங்கி நெருப்பூருக்கு வந்திருக்கிறாள்.

எங்கே நடுவது என்ற கேள்வி முதலில் எழுந்தது. என் கணவர் வாசல் பக்கம் என்றார், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று. அத்தை பதில் சொல்லாமல் இரண்டு நாள் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூன்றாம் நாள் கொல்லைக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"உள்ளே பாரும்மா, கல் இடுக்கிலே."

பார்த்தேன். கிணற்றின் உள்சுவரில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே, சின்னச் சின்னப் பெரணிகள் பசேலென்று தலையாட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷமாக அந்தக் கிணற்றில் நீர் இறைத்தவர்கள் யாரும் அவற்றை நட்டதில்லை.

"இந்த ஊரிலேயும் இதுகளுக்கு ஒரு இடம் இருக்கு. நாம எங்கே வைக்கணும்னு இதுகதான் சொல்லணும்" என்றார் அத்தை.

ஆகவே கிணற்றுக்கு வடபுறம், மதிலுக்கும் மாமரத்துக்கும் இடையில் இடம் முடிவாயிற்று. ஐப்பசி மழை தொடங்கியதும் குழி தோண்டினோம். கட்டாந்தரைச் செம்மண்ணை மாத்திரம் நம்பாமல், மக்கிய இலையும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்புப் போக்கிய தென்னை நார்க்கழிவும் கலந்து நிரப்பினோம். தொட்டியில் எவ்வளவு ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில்தான் நட வேண்டும். அடிமரத்தைப் புதைத்துவிடக் கூடாது. தண்ணீர் தேங்கவும் கூடாது, காயவும் கூடாது. உரம் என்று அவசரப்பட்டு எதையும் கொட்டக்கூடாது. புது இலையின் ரோமம் கண்ணில் பட்டால் உறுத்தும். தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும். ஆகையால் கையுறை நல்லது.

மரப் பெரணியின் விசேஷம் ஒன்று உண்டு. மற்ற மரங்களைப்போல அதற்குப் பட்டை கிடையாது. அடிமரம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்ட வேர்கள்தான். ஆகையால் தரையில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதாது. மேலிருந்து அடிமரம் முழுவதும் நனைய வேண்டும். இன்னொன்று, அதன் உயிர் முழுவதும் உச்சியில் இருக்கும் குருத்தில்தான். கிளை விட்டுப் பிழைத்துக்கொள்ளும் வித்தையெல்லாம் அதற்குத் தெரியாது. குருத்துப் போனால் மரம் போயிற்று.

தண்ணீரிலும் யோசனை வேண்டியிருந்தது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் ரகம். சுண்ணாம்பைப் பெரணி விரும்பாது. தமிழ்நாட்டில் 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களல்லவா? அப்போது இந்த வீட்டில் கட்டிய தொட்டி ஒன்று இருந்தது. அந்த மழைநீர் பெரணிக்கு என்று ஒதுக்கப்பட்டது. குழந்தைக்குத் தனிப் பால்போல, அதற்குத் தனித் தண்ணீர்!

கார்த்திகை வந்தது. 2,668 அடி உயர மலையின் உச்சியில் தீபம் எரிந்த அந்த நாட்களில், பெரணி புதிதாக இரண்டு இலை விரித்தது. மார்கழிப் பனியில் அதற்கு ஒரே கொண்டாட்டம். அத்தையும் தெம்பாக இருந்தார். விடியற்காலையில் ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தோட்டத்தில் நிற்பார். ஒரு நாள் இருவரும் மெதுவாகப் படியேறி ஸ்கந்தாசிரமம் போனோம். நெருப்பு மலை என்கிறோமே, அதன் கிழக்குச் சரிவில் சுனையும் நிழலுமாக ஜில்லென்று ஓர் இடம். ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை அங்கே வசித்தார். அவருடைய தாயார் அழகம்மாளும் பிள்ளையோடு இருப்பதற்காக 1916-ல் வந்து சேர்ந்து, 1922 மே 19-ல் அங்கேயே கண்மூடினார்.

அத்தை வெகு நேரம் சுனைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தம்மா இங்கே வந்து என்ன செய்தாங்க?" என்று கேட்டார்.

"சமையல் செய்து எல்லாருக்கும் போட்டார்களாம், அத்தை."

"அதானே! சும்மா உட்கார்ந்திருந்தா இருந்திருக்க முடியாது" என்றார். அந்த வார்த்தையை என் மனசு எங்கோ முடிந்து வைத்துக்கொண்டது.

மாசி மாதத்தில் காற்று திசை மாறியது. மலைமேல் ஆளுயரப் புல் காய்ந்து சருகாயிற்று. இந்தப் பருவத்தில்தான் மலையில் தீப் பிடிக்கும். மேயவிட்டும் வெட்டியும் எரிந்தும் மொட்டையாகிப்போன அந்த மலையில், 1980-களின் பிற்பகுதியிலிருந்து தொண்டர்கள் மரம் நட்டு வருகிறார்கள். இந்த மண்ணுக்கு உரிய மரங்களையே நாற்றுப் போட்டு, மழைக்காலத்தில் தூக்கிச் சென்று நடுகிறார்கள். கோடையில் தீத் தடுப்புக்காகப் புல்லை அகற்றுகிறார்கள். தீ வந்தால் ராவென்றும் பகலென்றும் பாராமல் அணைக்க ஓடுகிறார்கள். நடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகு வரும் இரண்டு மூன்று கோடைகள்தாம் கண்டம். அவற்றைத் தாண்டிவிட்டால் மரம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மண்ணுக்கு உரிய மரத்துக்கே இந்தக் கதி என்றால், விருந்தாளியாக வந்த பெரணியின் கதி என்ன?

பங்குனியில் இலை நுனிகள் கருகத் தொடங்கின. சித்திரையில் இன்னொரு விபரீதம். வடபுறம் என்றால் எப்போதும் நிழல் என்றுதானே எண்ணுவோம்? நம் ஊர்களில் அப்படியில்லை. சித்திரை பத்தாம் தேதி வாக்கில் உச்சிச் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வந்து நிற்கிறான். பிறகு ஆவணி முதல் வாரம் வரைக்கும் அவன் வடக்கே சாய்ந்துதான் போகிறான். வருஷமெல்லாம் நிழலாக இருந்த மூலையில், வேண்டாத மாதத்தில் பார்த்து வெயில் இறங்கும். அதோடு 104 டிகிரி அனல் காற்று வேறு. ஒவ்வோர் இலையாகக் காய்ந்து தொங்கிற்று. அக்கினி நட்சத்திரம் பிறந்தபோது பச்சை என்று சொல்ல ஓர் இலைகூட இல்லை. இரண்டடிக் கறுப்புக் கட்டை ஒன்று நின்றது.

அத்தையும் அப்படித்தான் ஆனார். முதலில் சாயங்கால உலாவல் நின்றது. பிறகு சாப்பாடு பாதியாயிற்று. பிறகு பேச்சு. "என்ன அத்தை செய்கிறது?" என்றால், "ஒண்ணுமில்லையேம்மா" என்பார். என் கணவர் அவர் அறைக்குக் குளிர்சாதனம் பொருத்தினார். அத்தை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். குளிர் கிடைத்தது, மனுஷி கிடைக்கவில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "உடம்பில் கோளாறு எதுவும் தெரியவில்லை. தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். தனியாக விட்டுவிடாதீர்கள்" என்றார். அன்றிரவு என் கணவர், "அம்மாவைக் கூட்டி வந்திருக்கவே கூடாதோ?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? போவதற்கு வீடு இருந்தால் அல்லவா அனுப்பலாம்?

அந்தச் சமயத்தில்தான், பத்திரிகை வேலைக்காகப் புரட்டிக்கொண்டிருந்த ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. உங்களுக்கும் அது சுவாரஸ்யமாக இருக்கும்.

லண்டனில் நதானியேல் வார்டு என்று ஒரு டாக்டர் இருந்தார். பெரணிப் பைத்தியம் என்றே சொல்லலாம். ஆனால் நகரத்து நிலக்கரிப் புகையில் அவர் தோட்டத்தில் வைத்த பெரணிகளெல்லாம் செத்துச் செத்து விழுந்தன. 1829-ல் ஒரு பூச்சிக்கூடு என்ன ஆகிறது என்று பார்ப்பதற்காக, ஈர மண் போட்ட கண்ணாடிப் புட்டியில் அதை வைத்து மூடினார். பூச்சியைக் கவனித்தவர் வேறொன்றைக் கண்டார். புட்டிக்குள் ஒரு பெரணி முளைத்திருந்தது! பகலில் மண்ணிலிருந்து எழும் ஈரம் கண்ணாடியில் படிந்து, மறுபடியும் மண்ணிலேயே இறங்கியது. வெளியே லண்டன் புகை. உள்ளே பெரணிக்கு வேண்டிய காடு. இந்த யோசனையை வைத்து அவர் கண்ணாடிப் பெட்டிகள் செய்தார். 1833-ல் இரண்டு பெட்டிகள் கப்பலேறி ஸிட்னிக்குப் போயின. மாதக் கணக்கில் கடலில் இருந்தும் செடிகள் உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1848 முதல் 1851 வரை ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீனத்திலிருந்து இமயமலைத் தோட்டங்களுக்குச் சுமார் 20,000 தேயிலைச் செடிகளைக் கொண்டுவந்து சேர்த்ததும் இப்படிப்பட்ட பெட்டிகளின் உதவியால்தான். ஒரு பெரணியைப் பிழைக்க வைக்கும் வித்தையிலிருந்து நம் நாட்டுக்குத் தேயிலை வந்த கதை!

இதை நான் அத்தையிடம் போய்ச் சொன்னேன். தேயிலை என்றதும் கதவு கொஞ்சம் திறந்தது. கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"எனக்கு ஒருத்தி அப்படிச் செய்தாம்மா. நான் விருதுநகர்ப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயசிலே கல்யாணமாகி மலைக்குப் போனேன். அந்தக் குளிரைப் பார்த்ததேயில்லை. கை விரலெல்லாம் வெடிக்கும். எங்க ஊர் வெயிலை நினைச்சு நினைச்சு அழுவேன். 'பழகிப்போயிடும்'னு எல்லாரும் சொன்னாங்க. அப்போ கொழுந்து கிள்ளுற கிழவி ஒருத்தி, சாயங்காலம் வேலை முடிஞ்சு போகும்போது ஒரு கணப்புச் சட்டியிலே கரி மூட்டிக் கொண்டுவந்து என் காலடியிலே வைப்பாள். பழகிப்போயிடும்னு அவள் மட்டும் சொல்லவேயில்லை. எங்க ஊர் வெயிலை ஒரு சட்டியிலே கொண்டுவந்து கொடுத்தாள், அவ்வளவுதான். அதுக்கப்புறம்தான் நான் அந்த ஊரிலே இருந்தேன்."

எனக்குச் சட்டென்று பேச வரவில்லை. குன்னூரே கதி என்று நாங்கள் எண்ணியிருந்தவர், அங்கேயும் ஒரு காலத்தில் பெயர்த்து நடப்பட்டவர்தான்!

"அத்தை, பெரணிக்கும் ஒரு கணப்புச் சட்டி வைத்துப் பார்ப்போமா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு!

மறுநாள் காலையில் அத்தைதான் மேஸ்திரி. தென்னங்கீற்றுப் பின்னி மேலே பந்தல் போட்டோம். மேற்கிலும் வடக்கிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டினோம். அடிமரத்தைச் சுற்றிப் பழைய சாக்கைத் தளர்த்தியாகச் சுற்றினோம். குருத்தை மட்டும் மூடவில்லை. கீழே மணல் பரப்பி, அகலமான மண் தொட்டிகள் இரண்டில் தண்ணீர் நிரப்பி வைத்தோம். காலை ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை தட்டியிலும் சாக்கிலும் மணலிலும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அந்த வேலையை அத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. குருத்தைத் தினம் ஒரு தடவை விரலால் மெல்லத் தொட்டுப் பார்ப்பார். "கெட்டியா இருக்கு. அழுகலை. காத்திரு" என்பார்.

இரண்டே நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் வீட்டிலேயே குளுமையான இடம் அதுதான் என்று தெரிந்துபோயிற்று. அத்தை தம் பிரம்பு நாற்காலியைத் தட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். வெட்டிவேர் வாசனைக்கு எதிர்வீட்டு அம்மாள் வந்தாள். அவளைத் தேடி அவள் பேத்தி வந்தாள். பால்காரர் கணக்குப் பார்க்கும் சாக்கில் ஐந்து நிமிஷம் நின்றார். அட்டை கடித்தால் சுண்ணாம்பு வைப்பது, மூடுபனியில் பக்கத்தில் நிற்பவளின் குரலை வைத்தே ஆள் அடையாளம் காண்பது, கொழுந்து நிறுக்கும் தராசுக்கு முன்னால் நடக்கும் சண்டை என்று அத்தையின் தேயிலைத் தோட்டம் அந்தப் பந்தலடியில் நாளுக்கு நாள் வளர்ந்தது. ராத்திரிச் சாப்பாட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டார். குளிர்சாதன அறை பகலில் பூட்டிக் கிடந்தது!

இடையே இன்னொரு காரியமும் செய்தார். பெரணி வாடத் தொடங்கியபோதே, புள்ளிகள் முற்றியிருந்த ஓர் அடி இலையை ஒடித்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்தாராம். பிரித்துப் பார்த்தால் மூக்குப்பொடி மாதிரி வித்துத்தூள் உதிர்ந்திருந்தது. ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலை வெந்நீரில் கழுவி, ஈர நார்க்கழிவையும் செங்கல் துண்டையும் போட்டு, அதன்மேல் அந்தத் தூளைத் தூவி மூடி, சமையலறை ஜன்னலில் வெயில் படாத பக்கம் வைத்தார். லண்டன் டாக்டரின் புட்டி, திருவண்ணாமலைச் சமையலறையில்! "பெரிசு போயிட்டாலும் சின்னது இருக்கும்" என்றார். அந்தப் பேச்சில் கவலை இருந்தது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த கவலை அல்ல.

வைகாசி போயிற்று. ஆனி போயிற்று. கட்டை அப்படியே நின்றது. ஆடியில் பாட்டிலுக்குள் செங்கல்மேல் பச்சையாக ஒரு படலம் தோன்றிற்று. "பாசியாக இருக்கும்" என்றார் என் கணவர். ஒரு மாதம் கழித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். படலத்தில், சிறு விரல் நகத்தைவிடச் சிறியதாய், இதய வடிவில் மெல்லிய பச்சைத் தகடுகள். பெரணியின் பிள்ளைப் பருவம் அதுதான். அதிலிருந்துதான் பிறகு இலை எழும்ப வேண்டும். என் கணவர் மேற்கொண்டு அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

ஆவணியில் நாலு நாள் தொடர்ந்து சாயங்கால இடிமழை பெய்தது. ஐந்தாம் நாள் காலை அத்தை என்னைக் கூப்பிடவில்லை. தாமே தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பல் விளக்கப் போன நான்தான் பார்த்தேன். குருத்தின் நடுவில், பழுப்பு ரோமத்தைப் போர்த்திக்கொண்டு, மூடிய சின்னக் கை ஒன்று எழும்பியிருந்தது.

"வந்துட்டாள்" என்றார் அத்தை.

ஒரே ஒரு சுருள். அதை வைத்துக்கொண்டு வெற்றி முரசு கொட்ட நான் தயாராக இல்லை. இன்னும் இரண்டு கோடை பாக்கி இருக்கிறது. ஆகையால், சகோதரிகளே, "நீங்களும் ஒரு மரப் பெரணி வாங்கி நடுங்கள்" என்று உங்களுக்கு யோசனை சொல்ல மாட்டேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு வேம்பும் மகிழமும் புங்கமும் இருக்கின்றன. மூன்று கோடை தண்ணீர் ஊற்றினால் முப்பது வருஷம் நிழல் தரும். ஆனால் யாரோ கொண்டுவந்து கொடுத்து, விட முடியாத செடி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அதை வெயிலுக்குப் பழக்கப் பார்க்காதீர்கள். அதன் ஊர்க் காற்றில் ஒரு பிடியை நீங்கள் உண்டாக்கிக் கொடுங்கள். ஈரச் சாக்கும் வெட்டிவேர்த் தட்டியும் போதும்.

செடிக்குச் சொல்வது மற்றவர்களுக்கும் பொருந்தும். பிள்ளையோடு இருக்கப் பட்டணத்துக்கு வந்த தாயார் இருக்கலாம். நேற்றுக் கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்த மருமகள் இருக்கலாம். கிராமத்திலிருந்து படிக்க வந்த தங்கை பெண் இருக்கலாம். "பழகிவிட்டதா?" என்று தினம் விசாரிப்பதைவிட, அவர்கள் ஊர்ச் சமையலில் ஒன்று, அவர்கள் கைக்கு ஒரு வேலை, அவர்கள் ஊர்க் கதையைக் கேட்க ஒரு செவி, இவற்றில் ஏதாவது ஒன்றைக் காலடியில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அடுத்த கோடைக்கான ஏற்பாடுகள் இப்போதே முடிந்துவிட்டன. குன்னூரில் பழைய அண்டை வீட்டார் அழைத்திருப்பதால், அத்தை சித்திரையில் மூன்று வாரம் அங்கே போய்வரப் போகிறார். திரும்பி வரும் தேதிக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் வாங்கச் சொல்லியிருக்கிறார். அவர் இல்லாத நாட்களில் தட்டி நனைப்பது யார் யார் என்று கிழமை வாரியாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டியாயிற்று. எதிர்வீட்டுப் பேத்திக்கு ஞாயிறும் செவ்வாயும்; என் கணவருக்குத் திங்களும் வியாழனும். மற்ற மூன்று நாளும் என் பெயர்தான் இருக்கிறது. மருமகள் அல்லவா?